குளவிக்கு மாலை

பஞ்சவர்ணத்தின் காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. சுவரில் மாட்ட அவள் படம் வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் மாட்டும்படி ஒன்றுகூட இல்லை. கேமரா எப்போதும் அவள் கையில்தான் இருந்தது.

டாங்க் ஃபேக்டரி வேலை முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ரஷ்ய இன்ஜினியர் ஒருவரிடமிருந்து கணவர் தங்கவேல் அதை எண்பத்து நாலில் வாங்கினார், குடும்பத்தைப் படம் எடுக்க. பஞ்சவர்ணம் குளவியை எடுத்தாள். பின்கட்டுத் தோட்டத்தில், குழாயடி ஈரத்திலிருந்து மண் உருட்டி அவரைப் பந்தல் கல்தூணுக்குப் பறக்கும் குளவி. லென்ஸைத் திருப்பி வைத்து சைக்கிள் டியூபால் கட்டிவிட்டால் சின்னது பெரிதாகும். ஆனால் ஒரு சாண்கூட விலக முடியாது. குளவி போகும் வழியிலேயே உட்கார்ந்தாள். கொட்டியது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"கொளவி கூடு கட்னா ஆம்பளப் புள்ள பொறக்கும்" என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

"ஒரு பொண்ணு போதும். எனக்குப் படம் வந்தா சரி" என்றாள்.

படம்தான் வரவில்லை. ஸ்டுடியோ பக்தவத்சலம் ஆள் இருக்கும் பிலிமை மட்டுமே பிரிண்ட் போடுவார். மற்றதெல்லாம் கைதவறி அமுக்கியது என்று அவர் நினைப்பு. கடை வாசலில் நின்று கேட்டாள்: "மூஞ்சி இல்லன்னா படம் இல்லியா நைனா? கொளவிக்கு மூஞ்சி கீது. நல்லா பாரு." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் போட்டார். எதிலும் இறக்கை கலங்கியே இருந்தது. அதற்காக ஒருநாளும் அவள் எழுந்து வந்துவிடவில்லை, நெஞ்சுவலி வந்த அன்றைக்கு வரை.

கேமராவில் மீதியிருந்த சுருளை மகள் தாட்சாயிணி பக்தவத்சலத்திடம் கழுவக் கொடுத்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மீட்டர் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. பிரிண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். வாயில் மண்ணுருண்டை, காற்றில் குளவி, இறக்கையின் நரம்புகூடத் தெளிவாக. அம்மா பார்க்காதது.

"இதைப் பெருசு பண்ணி சட்டம் போடுங்க. காரியத்துக்கு."

பக்தவத்சலம் அளவை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அத்தை சொர்ணம், பஞ்சவர்ணத்தின் சின்ன போட்டோ ஒட்டிய ஆஸ்பத்திரி கார்டோடு காத்திருந்தாள். "இதுல மூஞ்சி கீது இல்ல? இத்த பெருசு பண்றத வுட்டுட்டு பூச்சிக்கு மாலை போடுவியா? சொந்தபந்தம் காறித் துப்பும்டி."

"துப்பட்டும் அத்தை. கேமராவுக்கு முன்னால நிக்க வெச்சா அம்மா இப்பிடித்தான் முழிக்கும். இந்த முழிய மாட்டி நான் காலம்பூரா கும்புடணுமா? பின்னால நின்னதுதான் எங்கம்மா."

"அண்ணாத்தே, உம் பொண்ண கேளு."

தங்கவேல் எழுந்தார். பரணிலிருந்து சுத்தியலை எடுத்து ஆணி அடித்தார்.

காரியத்தன்று குமணன்சாவடி மாமா படையலுக்கு முன்னால் நின்று சட்டத்தையே பார்த்தார். "இன்னாம்மா இது?"

"அம்மா எடுத்தது" என்றாள் தாட்சாயிணி. அவர் செருமிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

சொர்ணம் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கவேல் சாமந்தி மாலையைச் சாத்தினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தவர், திரும்ப வந்து மாலையை ஒருபக்கமாக ஒதுக்கினார்.

"இறக்கைய மறைக்குது" என்றார் தங்கையிடம்.