கிளை கட்டிய சைக்கிள்

போடிமெட்டிலிருந்து சைக்கிளில் இறங்குகிறவர்கள் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சில வளைவுகளிலேயே அதன் ரப்பர் கட்டை சூடேறி வழுக்க ஆரம்பித்துவிடும். கிளை பச்சையாக இருக்க வேண்டும், இலை அடர்ந்திருக்க வேண்டும், அடிப்பக்கம் மணிக்கட்டுப் பருமனாவது இருக்க வேண்டும். மலையடியில் முந்தல் வந்ததும் அதை அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். விறகுக்குப் போகிற பெண்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை காலையில் சைக்கிளைப் பஸ்சின் மேலே ஏற்றிக்கொண்டு திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் சைக்கிள் என்னுடையது. எனக்கு ஒன்பது வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டு, முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு நானாகவே ஓட்டப் பழகினேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்தச் சோலி? காலு கையி ஒடிஞ்சா யாரு பாக்குறது?" என்பாள் அம்மா.

"ஒடிஞ்சாத்தான்க்கா ஒரு எடத்துல உக்காருவா," என்பார் மாமா.

உண்மைதான். எனக்கு உட்காரத் தெரியாது. தெருவில் ஓட்டுவதும் சீக்கிரமே சலித்துவிட்டது. மலையிலிருந்து இறங்க வேண்டும். வாராவாரம் மாமாவை அரிப்பேன். மழை நிற்கட்டும் என்பார். மழை நின்றால் டயர் மாற்றணும் என்பார். டயர் மாற்றினால் சங்கிலி சரியில்லை என்பார்.

முழுப்பரீட்சை லீவில் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். "போறதும் பஸ்சு, வர்றதும் பஸ்சு. புள்ளைய சைக்கிள்ல ஏத்துன, இந்த வீட்டுல ஒனக்குச் சோறு கெடையாது," என்று சொல்லித்தான் அம்மா அனுப்பினாள். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். தோட்டத்தில் இருந்த நாட்களில் ஏலச்செடியையோ மேகத்தையோ நான் நின்று பார்த்ததாக நினைவில்லை. எப்போது இறங்குவோம் என்பது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மெட்டுக்கு வந்தோம். பஸ் நின்றிருந்தது. பஸ்சைப் பார்த்தேன், சைக்கிளைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். அழவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"சரி, வந்து தொல. ஒங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாத, ஆத்தா."

முன்கம்பி எனக்குக் குத்தும் என்று ஒரு சாக்கை மடித்து அதன்மேல் வைத்தார். அது நழுவாமலிருக்க, எப்போதும் கிளை கட்டுகிற தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கயிறு முழுவதும் அதற்கே தீர்ந்துபோயிற்று. கிளைக்கு, பக்கத்து மரத்தில் பட்டையை உரித்து, முறுக்கிக் கட்டினார். இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். பாலிடெக்னிக்கில் படித்து முடித்தபின், எந்தப் பொருளைப் பார்த்தாலும் எந்தக் கட்டு எந்தச் சுமையைத் தாங்குகிறது என்பதுதான் முதலில் என் கண்ணில் படுகிறது. அன்று, உட்காருமிடம் மெத்தென்று இருந்தது மட்டுமே தெரிந்தது.

இறங்கினோம். பின்னால் கிளை சரசரவென்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஊர்ந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம். இதற்குத்தானா இத்தனை வாரம் கெஞ்சினேன் என்றிருந்தது. பாதிமலை தாண்டியதும் சரசரப்பு சட்டென்று நின்றது. சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளிப் பறந்தது. மாமாவுக்கு ஒருவழியாக என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வெரசா மாமா! இன்னும் வெரசா!"

மாமாவின் தாடை என் உச்சந்தலையில் அழுந்தியது. செருப்புக் காலை முன்டயரில் வைத்து அழுத்தினார். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாக ஒடித்து, உண்ணிப் புதருக்குள் சைக்கிளைச் செருகினார்.

நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். மாமா எழவில்லை. உட்கார்ந்தபடியே என்னை இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கையை மடக்கினார், காலை நீட்டினார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

"மறுபடி மேல போயிட்டு இறங்குவமா மாமா?"

அவர் சைக்கிளைப் புதரிலிருந்து இழுத்து நிமிர்த்தினார். மேல் வளைவில் எங்கள் கிளை, பட்டைக் கட்டு அறுந்து கிடந்தது. அங்கிருந்து முந்தல் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். என்னை ஏற்றவேயில்லை. வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சிராய்ப்பைப் பற்றி அம்மா கேட்டபோது, தோட்டத்தில் புதரில் விழுந்தேன் என்றேன். திங்கட்கிழமை மாமா சைக்கிளை எடுக்காமல் கிளம்பினார்.

"இங்கயே கெடக்கட்டும்க்கா. புள்ள ஓட்டட்டும்."

என் வாய்க்குப் போட்ட பூட்டு அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நியாயமான பேரம்தான். இன்னும் கவனமாக வாயை மூடிக்கொண்டேன். அதன்பிறகு மாமா இறங்கியதெல்லாம் பஸ்சில்தான். சைக்கிள் இருக்கும் சுகத்தில், ஏன் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் கம்பிக்கு மேலே கால் போட்டு, சமதரையான சிலமலை ரோட்டில் பையன்களை முந்துகிற அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளை எடுத்தால் போதும், மாமா போட்டது போட்டபடி ஓடிவந்து பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வார். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது, எங்கள் தெரு.

"விடு மாமா! எனக்குத்தான் ஓட்டத் தெரியும்ல!"

"விடுறேன் ஆத்தா, விடுறேன்," என்று மூச்சிரைக்க, பின்னால் செருப்பு சரசரவென்று புழுதி கிளப்ப, கூடவே ஓடிவருவார். விடமாட்டார். எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடாது. ஊரே பார்க்க, இன்னும் ஓட்டப் பழகாதவளைப் போல என்னைப் பிடித்துக்கொண்டு வருகிறாரே என்று அவமானமாக இருந்தது. அவர் பஸ் ஏறும்வரை அவரோடு பேசாமலிருந்தேன்.