அஞ்சு ஒன்பது சொல்லாதவள்

என் மனைவிக்கு வேலை பல்செட் செய்யும் கூடத்தில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் வரிசை கட்டுவாள். மேலும் கீழும் கடிக்க வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை தூக்கலாக இருந்தாலும் மறுபடி தேய்ப்பாள். "போதும், விடேன்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள்.

அந்தப் பிடிவாதத்தோடுதான் ரேடியோவுக்கும் வந்தாள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரி. தெருவில் அவளுக்கு டிவிக்காரம்மா என்று பெயர். மொட்டைமாடி ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு மூன்றாம் வீட்டு அம்மா ஒருநாள் ரிமோட்டும் கையுமாக வந்து நின்றார். இவளும் அதைச் சரிசெய்து கொடுத்துத் தொலைத்தாள். இன்றுவரை அந்தப் பெயர் போகவில்லை.

வருஷத்துக்கு இரண்டு போட்டி. ஏதாவது ஒரு குன்றின் மேல் ஏறி, கம்பம் நட்டு, பகல் இரண்டு மணிக்குள் எத்தனை பேரோடு எவ்வளவு தூரம் பேசுகிறோமோ அவ்வளவு புள்ளி. நானோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையாவது ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்கலாம் என்று பார்த்தால், விடிவதற்குள் வேனில் கம்பமும் பேட்டரியும் டிஷ்ஷும் ஏறி உட்கார்ந்திருக்கும். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், ஞாயிற்றுக்கிழமை ரேடியோவின் இரைச்சல். கொடுத்து வைத்தவன் நான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குன்றின் மேல் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டுவேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை. கீழே ஊர் பனிக்குள் கிடக்கும். அவள் ஆன்டெனாவை மெல்லத் திருப்பத் திருப்ப, வெறும் இரைச்சலுக்குள்ளிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் இருமுவார். ஒருவர் பின்னால் நாய் குரைக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவர்கள் கரைந்து வேறு யாரோ வருவார்கள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்துவரை, பலத்துக்கு ஒன்பதுவரை. கூடவே அந்த அலைவரிசையில் அன்றைக்கு எத்தனையாவது பேச்சு என்று ஒரு வரிசை எண். காதில் விழுந்த எண்களை இரண்டு பேரும் அப்படியே எழுதி வைத்து, போட்டி நடத்தும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "அஞ்சு ஒன்பது" என்றுதான் சொல்வார்கள். "உங்களுக்கு அஞ்சு ஒன்பது, அருமையாக் கேக்குது. நம்பர் என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க, ஒண்ணுமே கேக்கலை" என்பார்கள், சிரிக்காமல். என் மனைவி மட்டும் காதில் விழுந்ததைச் சொல்வாள். மூன்று இரண்டு என்றால் மூன்று இரண்டுதான்.

"எல்லாரும் சொல்றதைச் சொல்லிட்டுப் போயேன். அரிச்சந்திரனுக்கு அக்காவா நீ?" என்பேன்.

"சரியா கேக்காததை நல்லாக் கேக்குதுன்னு எப்படிங்க சொல்றது?" என்பாள்.

நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குன்றில் ஒருவர் இருந்தார். தண்ணீர் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் ஜலதோஷம் பிடித்ததுபோல் பேசுவார் என்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் மூக்கடைப்பு. பதினொரு வருஷமாக ஒரு போட்டி விடாமல் இவளோடு பேசுகிறார். நேரில் பார்த்ததில்லை. சாதாரண அலைவரிசையில் பேச்சு எப்படியோ போய்விடும். டிஷ் வைத்துப் பேசும் மைக்ரோவேவில் மட்டும் முடியவில்லை. அது நேர்கோட்டில் போகிற சங்கதி, நடுவில் ஒரு மலை நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் முயல்வார்கள், இரைச்சலைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டுவார்கள்.

கடைசியாக நடந்த போட்டிக்கு முந்தின வாரம் அவர் ரேடியோவில் சொன்னார். "இதுதாம்மா எனக்குக் கடைசி. முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. பொண்ணு வீட்டோட போறேன். அங்க ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர்தான். அதுக்குள்ள டிஷ்ல ஒரு தடவை உங்ககூடப் பேசிடணும்."

அன்றிலிருந்து இவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. "மழை மேகம் ஒண்ணு வந்தாப் போதும்ங்க. ரெண்டு பேரும் அதைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பினா, அதுல பட்டுச் சிதறி அந்தப் பக்கம் போகும்" என்றாள். மழை வேண்டாம் என்று ஊரே நினைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் இவள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றாள்.

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒன்றரை மணிக்குத்தான் மலைக்கு மேலே கறுப்பாக ஒன்று எழும்பியது. சாதாரண அலைவரிசையில் அவரைக் கூப்பிட்டாள். "மேகம் தெரியுதுங்களா?" "தெரியுதும்மா, என் பக்கமும் தெரியுது." அப்புறம் டிஷ்ஷை நான் பிடித்துக்கொள்ள, அவள் நகம் அளவு நகர்த்தினாள். இன்னும் நகம் அளவு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த மேகத்தையே பார்த்தோம்.

வந்தது. மூக்கடைப்பு எல்லாம் போய், கரகரவென்று, மழையே வாய் திறந்து பேசுவதுபோல் ஒரு குரல். "உங்களுக்கு அஞ்சு ஒன்பது. பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு."

"உங்களுக்கு நாலு ஒண்ணு," என்றாள் இவள். "பூஜ்யம் பூஜ்யம் ஏழு."

"வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டேன்மா."

போட்டி முடிய நான்கு நிமிஷம் இருந்தது. அவள் அழுதாள். எதற்கு மறைப்பது, நானும் அழுதேன். மழை வந்து இரண்டு பேரையும் நனைத்தது.

ஒரு மாதம் கழித்து, இரண்டு பேர் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழு பட்டியல் போட்டது. அவர் சொன்னதை இவள் சரியாக எழுதியிருந்ததால் இவள் பக்கம் அந்தப் பேச்சு செல்லும். அவர் பக்கம் அடித்திருந்தார்கள். இவள் சொன்ன நாலு ஒன்றுக்குப் பதில் அவர் அஞ்சு ஒன்பது என்று எழுதியிருந்தார். எல்லோரும் அதையே சொல்வதால் பேனா தானாகவே எழுதிவிடுகிற எண். மைக்ரோவேவில் அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். பெயருக்கு எதிரே பூஜ்யம் நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ ஒரு தடவை ஊரோட ஒத்துப்போயிருந்தா அந்த மனுஷனுக்குக் கிடைச்சிருக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் குழுவுக்கு மெயிலில் கடிதம் எழுதினாள். தன் பக்கத்திலிருந்தும் அதை எடுத்துவிடச் சொல்லி. "உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். "ரெண்டு பேர் சேர்ந்து பேசினதுங்க. அவருக்கு இல்லாதது எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?" என்றாள். சாயங்காலம் பதில் வந்தது, கேட்டபடி நீக்கிவிட்டோம் என்று.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மூக்கடைப்புதான், மகள் வீட்டிலிருந்து. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பட்டியலைப் பார்த்தேம்மா. எல்லாம் என் கை பண்ணின வேலை. நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, கை கேக்கலை. எனக்குப் போனாப் போகட்டும். நாம பேசினது உங்க பக்கம் இருக்குல்ல? அது இருந்தா எனக்குப் போதும்மா."

குழுவின் கடிதம் அவள் முன்னால் திரையில் திறந்தே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக ஒரு பொய் கேட்டதில்லை நான், அந்த வாயிலிருந்து.

"இருக்குங்க," என்றாள். "பத்திரமா இருக்கு."