மண்ணெண்ணெய் வற்றிய புட்டி

பதினோரு வருஷம் ஆம்பூர்த் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புத் தூவியவள் சோபனா. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. விரலிடுக்கில் உப்பு அறுத்த தழும்புகள் இன்னும் மறையவில்லை. ஆனாலும் உப்புக்கு அவள் பயந்ததில்லை. பயந்ததெல்லாம் அலமாரி மேல்தட்டில் மண்ணெண்ணெயில் முங்கிக் கிடந்த சோடியத்துக்குத்தான்.

சேர்ந்த முதல் வாரம் வேதியியல் ஆசிரியர் இருதயராஜ் சார் அதில் பட்டாணியளவு துண்டைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். சீறிக்கொண்டு ஓடி, தீப்பிடித்து வெடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னால் நின்ற சோபனா கதவுவரை நகர்ந்துவிட்டாள்.

“சோடியத்துக்கு வெளிவட்டத்துல ஒத்தை எலக்ட்ரான். யார் தலையிலயாவது கட்டிடணும்னு நிக்கும்,” என்றார் சார். “குளோரினுக்கு ஒண்ணு கம்மி. இது குடுக்கும், அது வாங்கும். குடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். அதான் உப்பு. தண்ணி கெடைச்சா சோடியம் அந்த எலக்ட்ரானைத் தண்ணிகிட்ட தள்ளிடும். அப்பத்தான் இந்தக் கூத்து.”

மண்டியில் வாரி இறைத்தது கொடுத்து முடித்த சோடியம். புட்டியில் இருப்பது இன்னும் கொடுக்காதது. சோபனா அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

ஏப்ரலில் சார் விடைத்தாள் திருத்த வேலூர் போயிருந்தார். பக்கத்து அறையில் ஒன்பதாம் வகுப்பு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. அலமாரியைத் துடைத்தாள் சோபனா. லேபிள் உதிர்ந்த ஒரு புட்டிக்குள் காய்ந்த கட்டி ஒன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. மண்டியில் பழகிய கை. வெள்ளை பூத்ததெல்லாம் அதற்கு உப்பு; உப்பென்றால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மூடியைத் திறந்து, புட்டியைக் குழாயடியில் பிடித்து, ஆடும் திருகில் கை வைத்துவிட்டாள்.

லேசாக மண்ணெண்ணெய் வாடை வந்தது.

கை நின்றது. குழாய் வாயில் ஒரு சொட்டு திரண்டிருந்தது. புட்டியை இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். சொட்டு தொட்டியில் விழுந்தது.

மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு சாருக்குப் போன் போட்டாள்.

“கை ஈரமா?”

“வேர்த்திருக்கு சார்.”

“நல்லா தொடை. மண்ணெண்ணெய் ஊத்தணும்.”

“அதுக்கு இப்ப எங்க சார் போவேன்?”

“தையல் மிஷின் எண்ணெய் பாரு, அதுவும் மண்ணெண்ணெய் ஜாதிதான். சமையல் எண்ணெய் வேணாம்.”

பள்ளிக்குப் பின்னால் வீட்டிலேயே ஷூ தைக்கும் முத்துமாரியிடம் வாட்ச்மேன் வேலு ஓடி, எண்ணெயோடு வந்தார்.

“இன்னாம்மா, உப்புதானே? கழுவினா போச்சு. இதுக்கா இந்த பேஜாரு?”

“அண்ணே, குழாய்கிட்ட போவாதீங்க.”

அந்தக் குரலில் வேலு சுவரோடு ஒட்டி நின்றார்.

எண்ணெய் மெல்ல இறங்கியது. வெள்ளைக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. காற்றா, வேறெதுவுமா, அவளுக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். மூன்று குமிழி, நான்கு. ஏழாவது குமிழிக்குப் பிறகு எதுவும் வரவில்லை. கட்டி முழுக்க முங்கிக் கிடந்தது.

அலமாரியைப் பூட்டினாள். குழாயின் ஆடும் திருகைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நான் தொறக்க மாட்டேம்மா,” என்றார் வேலு.

“உங்கள சொல்லலண்ணே,” என்றாள் சோபனா, தன் வலது கையைப் பார்த்தபடி.