நடுத்துண்டு

பேருந்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. படியில் தொங்குகிறவன், எதிர்சீட்டில் காலைத் தூக்கிப் போடுகிறவன், அலைபேசியில் ஊரையே கூட்டுகிறவன், யாராக இருந்தாலும் அவள் வாயைத் திறந்து திட்டுவதில்லை. வண்டியை ஓரங்கட்டுவாள். கைப்பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கும் மற்ற பயணிகளே அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். டிப்போவில் அவளுக்குப் பட்டப்பெயரே 'கைப்பிரேக்' என்பதுதான்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. வாரமெல்லாம் உட்கார்ந்து சம்பாதிப்பது, ஞாயிற்றுக்கிழமை நின்றபடியே ஆக்கிப் போடுவது, இதுதான் அவள் பிழைப்பு. சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஞாயிறு என்றால் அந்த வீட்டில் மாட்டுக்கறி ரோஸ்ட் சாண்ட்விச். நாத்தனாரும் அவள் கணவரும் மணியடித்தாற்போல் வந்துவிடுவார்கள். நாத்தனார் கணவருக்கு உத்தியோகம் என்னவோ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு. போன வாரம் உப்பு ஒரு கல் தூக்கல், இந்த வாரம் மிளகு ஒரு சிட்டிகை மட்டு என்று ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால் அவருக்குச் செரிக்காது. அவளும் அவள் மகளும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை 'ஜட்ஜ்' என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சாண்ட்விச்சில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முந்தின நாளே தொடைக்கறியை முழுத் துண்டாக வாங்கி, உப்பும் மிளகும் பூசி வைக்க வேண்டும். காலையில் இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, நறுக்கிய வெங்காயத்தின்மேல் உட்காரவைத்து ஓவனுக்குள் தள்ள வேண்டும். வெளியே எடுத்தவுடன் கத்தி வைத்தால் போச்சு, உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் பலகையில் ஓடிவிடும். கறியை மூடி வைத்துவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டிக் கிடப்பதை எலும்பு வேகவைத்த தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கொதிக்கவிட்டு வடித்தால், அதுதான் தொட்டுக்கொள்கிற சாறு. இதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. கடைசி வேலைதான் ஆளைக் கொல்லும். கறியை நாருக்குக் குறுக்காக மெல்லிசாக அரிந்து, கொதிக்கிற சாற்றில் ஒரு முக்கு முக்கி, வாட்டிய நீள ரொட்டிக்குள் அடுக்கி, ஒரு கிண்ணம் சாற்றோடு அந்தக் கணமே நீட்ட வேண்டும். தாமதித்தால் கறி விறைத்துவிடும், ரொட்டி சவசவத்துவிடும். ஆகவே ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சுடச்சுடச் செய்துகொண்டே இருக்க வேண்டும். தின்கிறவர்களுக்கு நாற்காலி, செய்கிறவளுக்கு அடுப்பங்கரை.

அவள் பங்குக்கு என்ன கிடைக்கும்? ஓரம். அதற்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் முதல்முறை இதைச் செய்தபோது கறி சுருங்கிப்போய் எல்லோருக்கும் பற்றவில்லை. கடைசியில் மிஞ்சியது கறியின் காய்ந்த நுனியும் ரொட்டியின் மொட்டை முனையும்தான். "ஐயையோ, உனக்கு?" என்று புருஷன் பதறினான். வந்து கொஞ்ச நாளே ஆன மருமகள் வேறென்ன சொல்வாள்? "எனக்கு ஓரம்தாங்க பிடிக்கும்" என்றாள்.

அவ்வளவுதான், அது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. பிறகு கறி எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் ஓரம் அவளுக்கு. சாறு எவ்வளவு காய்ச்சினாலும், அவள் முறை வரும்போது கிண்ணத்தை ரொட்டியால் துடைத்து வைத்திருப்பார்கள். அதைப் பாசமாக வேறு செய்தார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. "எடுக்காதே, எடுக்காதே, ஓரம் அவளுக்கு" என்று ஒருவர் கையை ஒருவர் தட்டிவிடுவார்கள்.

போன புதன்கிழமை டிப்போவில் மெக்கானிக் ஒருவன் செய்முறை கேட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற பையன், சமைக்கத் தெரியும் என்று காட்ட ஆசை. அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அந்தச் சாறுல முக்கிச் சூடாக் கடிச்சா எப்படிக்கா இருக்கும்?" என்றான்.

அவள் கரண்டியில் உப்புப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். தன் கையால் செய்வதைத் தான் ஒருமுறைகூட ஒழுங்காகத் தின்றதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முழுக்க ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டாள். "இந்த ஞாயித்துக்கிழமை நானும் உக்காந்து சாப்பிடுவேன். சூடா. சாறு தொட்டு."

பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிற புருஷன் செய்தித்தாளைத் தாழ்த்தி, "அதுக்கென்ன, உக்காரேன். உன்னை யாரு வேணாம்னா?" என்றான்.

ஞாயிறு வந்தது. அவள் முன்னெச்சரிக்கையாகத் தன் பங்குச் சாற்றை, தினமும் டூட்டிக்குக் கொண்டுபோகிற ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடி, அலமாரியில் வைத்தாள். கறியில் சரிபாதியை, சிவந்த நடுப்பாகமாகப் பார்த்து, அரியாமல் ஒதுக்கினாள். பிறகு வழக்கம்போல நின்றாள். ஜட்ஜுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, புருஷனுக்கு, மகளுக்கு, மறுபடி ஜட்ஜுக்கு.

"ரொட்டி இன்னும் கொஞ்சம் முறுகலா இருந்திருக்கலாம்" என்று தீர்ப்பு வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, புதிதாக ரொட்டி எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது புருஷன் எழுந்து நின்று அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வா, வா. உக்காரு. இன்னிக்கு உனக்காக ஸ்பெஷலா எல்லார் தட்டுலேருந்தும் எடுத்து வச்சிருக்கேன்."

மேசையில் ஒரு தட்டு. தட்டு நிறைய ஓரம். கறியின் கருத்த நுனிகள், ரொட்டியின் மொட்டை முனைகள், கோபுரம்போல் அடுக்கி.

அவள் அலமாரியைப் பார்த்தாள். ஃபிளாஸ்க் இல்லை. பலகையைப் பார்த்தாள். கறி இல்லை.

"என் ஃபிளாஸ்க் எங்கங்க?"

"அதுவா? அக்கா ராத்திரிக்குக் கொஞ்சம் கேட்டா. நீதான் தனியா எடுத்து வச்சிருந்தியே, அவளுக்குத்தான்னு நெனச்சேன். நீதான் சாறே தொட மாட்டியே."

நாத்தனார் தன் கைப்பையை அன்போடு தட்டிக்கொடுத்தாள். "கறியையும் டப்பாவுல போட்டுக்கிட்டேம்மா. நாளைக்கு உனக்கு ஒரு வேலை மிச்சம்."

அவள் உட்காரவில்லை. நின்றாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. மகள்தான் முந்திக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு காய்ந்த நுனியை எடுத்துச் சிரித்தபடி, "இதுக்கு ஏம்மா இப்படி நிக்கிற? நான் சாப்பிடுறேன் விடு. எனக்கும் ஓரம்தான் பிடிக்கும்" என்றாள்.

அதே குரல். அதே சிரிப்பு. அன்றைக்குத் தான் சொன்னது அச்சு அசலாக மகள் வாயிலிருந்து வருகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உட்காரத் தயாராகத்தான் இருந்தாள். இதைக் கேட்டாள் பாருங்கள், வந்ததே கோபம்! மகள் கையிலிருந்ததை ஒரே தட்டு. அது பறந்துபோய் ஜட்ஜின் கிண்ணத்தில் விழுந்து அவர் சட்டையெல்லாம் சாறு.

"பொய் சொல்லாத! உனக்குப் பிடிக்காது! எனக்கும் பிடிக்காது! என்னிக்குமே பிடிச்சதில்ல!"

"நீதானே சொன்ன?" என்றான் புருஷன் மெதுவாக.

"சொன்னேன். அன்னிக்குக் கறி பத்தல, சொன்னேன். அதுக்கப்புறம் எந்த வாரம் பத்தாமப் போச்சு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நெஜமாவே பிடிக்குமான்னு கேட்டீங்களா?"

"ஒரு துண்டு கறிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி, ஒரு துண்டு கறிதான். அப்ப இதை நீங்க சாப்பிடுங்க." தட்டை அப்படியே நாத்தனார் முன்னால் நகர்த்தினாள். நாத்தனாரின் கை மடியைவிட்டு அசையவில்லை.

அவளே நாத்தனாரின் கைப்பையைத் திறந்தாள். ஃபிளாஸ்க்கை எடுத்தாள், டப்பாவை எடுத்தாள், இரண்டையும் அடுப்பருகே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது.

ஜட்ஜ் சட்டையைத் துடைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார், காலித் தட்டைப் பார்த்தார். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை.

"என்ன மச்சான் மரம் மாதிரி நிக்கிற? போய் அடுப்பைப் பத்தவை" என்றார்.

புருஷன் போனான். கறியை நார்போன போக்கிலேயே கட்டை கட்டையாக வெட்டினான். சாற்றைக் கொதிக்கவிட்டுப் பாதியை அடுப்பில் கொட்டினான். ரொட்டியின் ஒரு பக்கம் கருகிய வாடை வந்தது. இப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

தட்டும் கிண்ணமும் அவள் முன்னால் வந்தன. ரொட்டியைச் சாற்றில் அழுத்தி முக்கிக் கடித்தாள். கறி கட்டையாகத்தான் இருந்தது. ஆனாலும் ரொட்டி குடித்திருந்த சாறு, சூடாக, உப்பும் மிளகும் வெங்காயத்தின் இனிப்புமாக நாக்கில் இறங்கி, மிச்சம் முழங்கைவரை வழிந்தது. கோபம் தணிந்தது என்றால் அது பொய். இவ்வளவு ருசியையா இத்தனை ஞாயிறும் இவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தோம் என்று இன்னும் ஏறியது. யாரையும் பார்க்காமல், யாருக்கும் ஒரு விள்ளல் கொடுக்காமல், கடைசித் துணுக்குவரை தின்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு வேணுமா?"

"இல்லம்மா, பரவாயில்ல" என்றாள் மகள், பழக்கதோஷத்தில்.

அவள் மகளையே பார்த்தாள். மகள் தலை குனிந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"வேணும்."

"என்கிட்டச் சொல்லாத. அங்க சொல்லு."

மகள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்பா, எனக்கும் ஒண்ணு. நடுத்துண்டு" என்றாள்.

அவன் மறுபடியும் கத்தியை எடுத்தான்.