ஏரிப் பக்கத்து இருக்கை

பிக்கரிங்கிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில் அவர் எப்போதும் ஏரி தெரியும் பக்கமாகவே உட்காருவார். நரைத்த மீசை, கனத்த வேலைச் சப்பாத்து. ஏரி தெரியத் தொடங்கியதும் போனை எடுத்து ஒரு படத்தைப் பார்ப்பார். இந்தோனேசியாவில், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு தீவுக் கிராமத்தில், தகரக் கூரை போட்ட சிறிய வீடு. வருடாவருடம் போய், சேமிப்பையெல்லாம் போட்டு அவர் கட்டியது. ஓய்வு பெற்றதும் அங்கேயே இருந்துவிடுவேன் என்று எதிரே உட்காரும் என்னிடம் சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் படித்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணை, அங்க வெளிநாட்டுக்காரர் காணி வாங்க ஏலாதே. காணி உறுதிப் பத்திரம் ஆரின்ர பேரில?"

"அங்க எனக்குச் சோறு தாற மீன்பிடிக்காரன்ர பேரில."

"அப்ப அது உங்கட காணி இல்லை. நாளைக்கு அவற்ற பிள்ளையள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னா?"

அவர் சிரித்தார். "தம்பி, ஊரில என்ர பேரில உறுதி கிடக்கு. காணியில ஆமி முகாம் போட்டுக் கிடக்கு. உறுதியை வைச்சு என்ன செய்யிறது?"

சட்டப்படி நான் சொன்னதில் பிழையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் அவர் அதே இருக்கையில்தான் இருந்தார். ஏரி வந்தது, போனது. அவர் போனை வெளியே எடுக்கவேயில்லை.