பேபி ஸ்டெப்ஸ்

அலுமினிய வாக்கரின் கைப்பிடியை அண்ணன் பற்றியிருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே பல மாநிலங்கள் சுற்றியவர் அவர். எட்டாவதோடு படிப்பை விட்டு அவர் வண்டியேறியதால்தான் நான் ஆங்கிலம் படித்து, ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியையானேன். மழையில் ரிக் மேலிருந்து வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துதான் கடைசியாக ஊர் திரும்பினார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நடைப்பயிற்சி கொடுக்க ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் வாசல்வரை போய்விடுவதென்று அண்ணன் வேகமாகக் காலெடுத்து வைத்தார். இரண்டாவது அடியில் முழங்கால் நடுங்கியது.

"அவசரமே வேண்டாம் சார். பேபி ஸ்டெப்ஸ், பேபி ஸ்டெப்ஸ்" என்றார் இளைஞர்.

அண்ணன் முகம் இறுகியது. "பேபியா? நாப்பத்தாறு வயசாச்சுங்க எனக்கு. என்னையப் பாத்தா கைக்கொழந்தையாட்டவா இருக்குதுங்க?"

இளைஞர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், அண்ணியும் அவர்கள் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு. மெல்ல மெல்ல முன்னேறினால் போதும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. தினமும் வகுப்பில் இப்படி அர்த்தம் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் அந்த இளைஞரை வரவேண்டாம் என்றுவிட்டார் அண்ணன். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் காரணம் சொல்லவில்லை. கட்டிலோடு ஒடுங்கிப்போனார்.

நான்கு மாதம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "அம்மிணி, அந்தத் தம்பி அன்னைக்கு ஒண்ணு சொன்னாரே, அதுக்கு நெசமாலுமே என்ன அர்த்தம்?" என்று கேட்டார். சொன்னேன். தட்டை ஒதுக்கி வைத்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல, சாமி."

அன்று மாலையே வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார். "பேபி ஸ்டெப்ஸ்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி காலை நகர்த்தப் பார்த்தார். கால் வரவில்லை. தசை சுருங்கி மூட்டு இறுகிவிட்டது, இனி நடப்பது கடினம் என்றார் மருத்துவர்.

ஆறு வருடமாகச் சக்கர நாற்காலிதான். வீட்டுக்கு வருகிறவர்கள், "ஏனுங்க, அப்பவே நடந்து பழகியிருக்கக் கூடாதுங்களா?" என்று கேட்பார்கள். "வலி தாங்க முடியலீங்க" என்பார் அண்ணன். அவர் சொல்வது உண்மைதான் என்பதுபோல் நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.