செல்லாமல் போன ஐம்பத்தெட்டு ஓட்டுகள்

தேர்தல் நெருங்கினால் நாகலெட்சுமி அக்கா இடது கைச் சுண்டு விரலில் துணி சுற்றிக்கொள்வார். ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுவார். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் அந்தத் துணி இருக்கும். மாலையில் அவிழ்த்து, தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் தோலும் சாம்பலும் போட்டு விரலைத் தேய்ப்பார். நான் கல்யாணமாகி இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து முப்பத்திரண்டு வருடமாகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவருக்குப் பக்கத்துக் காம்பராதான் எனக்கு. அவர் ஒரு தேர்தலுக்குக்கூட இதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

காரணத்தை அவரே ஒரு நாள் சொன்னார். 1989-ல் அவருக்கு முதல் ஓட்டு. அப்போது வயது இருபத்துமூன்று. அவருடைய அப்பா இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையிலேயே கவாத்து வெட்டி, ஓட்டுச் சீட்டு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே செத்துப்போனவர். தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையை அரசாங்கம் பறித்து வைத்திருந்த காலம் அது. குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு ஏது? அதனால் அக்கா அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாய் நின்றிருக்கிறார். உள்ளே இருந்த உத்தியோகத்தர் விரலைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே மை பூசியிருக்கிறதே என்று சிங்களத்தில் அதட்டினாராம். அது கொழுந்துக் கறை. அக்காவுக்குச் சிங்களம் வராது. "தே கொல மாத்தயா, தே கொல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், தேயிலை ஐயா, தேயிலை என்று. எல்லாரும் சிரித்தார்களாம், ஓட்டும் கிடைத்ததாம். ஆனால் அந்த அரை நிமிடம் தனக்கு உயிரே போய்விட்டது என்றார்.

1994 பாராளுமன்றத் தேர்தல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது மாயாண்டி என்பவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட வேண்டும், பிறகு கீழே இருக்கிற வேட்பாளர் இலக்கங்களில் பிடித்த ஆட்களுக்குப் போட வேண்டும் என்று சொல்லி மூன்று இலக்கங்களைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். லயத்துப் பெண்களில் வாசிக்கத் தெரிந்தவர் அக்கா. "நீயே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துரு புள்ள" என்று பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டார்.

அதே கட்சியில் சின்னராசா என்றொருவரும் நின்றார். அக்காவின் மூத்த பிள்ளைக்கு வலிப்பு வந்தபோது தன் வேனில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவரை விட்டுவிட அக்காவுக்கு மனமில்லை. அவருடைய இலக்கத்தையும் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார். இருபத்தாறு பெண்களுக்கும் நான்கு இலக்கங்களையும் மனப்பாடம் செய்வித்தார். நானும் நான்கு புள்ளடி போட்டேன்.

தேர்தல் முடிந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ஜெயமலர் டீச்சரிடம் அக்கா இதைப் பெருமையாகச் சொன்னார். டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"ஐயோ நாகலெட்சுமி, மூண்டுதான் போடலாம். நாலு போட்டால் கட்சிக்கு மட்டும்தான் ஓட்டு. ஆக்களுக்குப் போட்டது ஒண்டும் எண்ணுப்படாது."

"ஒன்னுகூடவா டீச்சர்?"

"ஒண்டும் இல்லை."

இருபத்தாறு பேர். அடுத்த மாதம் சின்னராசா தோற்ற முகத்தோடு லயத்துக்கு வந்து, "நீங்கெல்லாம் எனக்குப் போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோசம்" என்று கும்பிட்டார். அக்கா உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஓட்டு போடுவது பற்றி யார் கேட்டாலும், "எனக்குத் தெரியாதும்மா, தலைவரக் கேளு" என்று ஒதுங்கிக்கொள்வார். பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்குப் போனார்கள். எத்தனையோ தேர்தல் வந்தது. அக்கா போவார், போடுவார், வந்துவிடுவார், வாய் திறக்கமாட்டார்.

2018-ல் பிரதேச சபைத் தேர்தல் புது முறையில் நடந்தது. இலக்கம் எதுவும் கிடையாது, சின்னத்துக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி. ஓட்டுகளைப் பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். தோட்டத்தில் எங்கள் பகுதியான மேல் டிவிசனிலிருந்து நிரோஷன் போட்டியிட்டான். டிவிசனுக்கு ஒழுங்கான பாதை இல்லை. மழை பெய்தால் முச்சக்கர வண்டிகூட ஏறாது. நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நிரோஷன் வந்தால் பாதை கேட்பான் என்று எல்லாரும் நம்பினோம். அவன் முப்பத்தொரு ஓட்டில் தோற்றான். செல்லாத ஓட்டு ஐம்பத்தெட்டு. இலக்கம் தேடியவர்கள், கிடைத்த இடத்திலெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் இராமையா அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "அம்பத்தெட்டு பேரு சும்மா மல ஏறி எறங்கியிருக்கானுங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நா சொல்லிக் குடுத்திருக்கலாம்ல" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அதனால்தான் போன வருடம் அவர் செய்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல். ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுதலாம். பாராளுமன்றத்துக்குக் கட்சிக்கு ஒன்றும் ஆட்களுக்கு மூன்று வரையும் போடலாம். 2025 மே மாதம் பிரதேச சபைக்கு ஒன்றே ஒன்று. இந்தத் தடவை எங்கள் வட்டாரத்தில் லோஜினி நின்றாள். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். சுயேச்சைக் குழு, தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல்தான் சின்னம். அவளும் பாதையைத்தான் பேசினாள்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மடுவத்தில், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரத்தில் ஆரம்பித்தார். பழைய கொப்பியிலிருந்து தாள் கிழித்து, பூ, மரம், குருவி என்று எங்கள் வட்டாரத்தில் எவருக்கும் சின்னமாக இல்லாத படங்களை நானும் அவருமாய் வரைந்தோம். ஒவ்வொருத்தி கையிலும் பென்சிலைக் கொடுத்தார்.

"போட்டுக் காட்டு."

"எதுக்குப் போடட்டும் அக்கா?"

"அத எங்கிட்ட கேக்காத. எப்படிப் போடுறேன்னு மட்டும் காட்டு."

ஒருத்தி மூன்று படத்துக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். அக்கா தாளை வாங்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஏண்டி, ஆறாம் நம்பர் மலையில எடுக்கிற மாதிரியா ஒம்பதாம் நம்பர் மலையில எடுப்ப? மேற்பார்வை பாக்கிற கண்டாக்கு விடுவாரா? அது வேற மலை, இது வேற மலை. இதுக்கு ஒன்னுதான்."

அது எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த நாள் மடுவத்தில் ஒருத்தியை ஒருத்தி, "எந்த மலைடி இன்னிக்கு?" என்று கிண்டல் செய்தார்கள்.

இரண்டாவது வாரம் கீழ் லயத்துப் பெண்களும் தாள் கேட்டு வந்தார்கள். கீழ் லயம் முழுக்கச் சங்கத்து ஆட்கள். லோஜினிக்கு எதிராக நின்றவருக்குத்தான் போடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். அக்கா அவர்களுக்கும் பென்சில் கொடுத்தார். அன்று மாலையே லோஜினி வந்துவிட்டாள்.

"பெரியம்மா, நீங்க எம்பக்கமா, அந்தப் பக்கமா?"

"என் ஓட்டு ஒனக்குத்தான்."

"ஒங்க ஒரு ஓட்டு எனக்கு. நீங்க திருத்திக் குடுக்கிற நாப்பது ஓட்டு அவருக்கா? போன தடவ செல்லாமப் போனதுல பாதி கீழ் லயத்து ஓட்டு. அது அப்படியே போயிருந்தா எனக்கு நல்லதுதானே?"

இராமையா அண்ணன் உள்ளேயிருந்து, "நல்லாக் கேளு, நா சொன்னா கேக்கமாட்டா" என்றார்.

அக்கா தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு, "எங்கப்பாவுக்கு ஓட்டே இல்ல லோஜினி. ஓட்டு இருக்கிறவ கையில அது வீணாப் போறத நா பாத்துக்கிட்டு நிக்கமாட்டேன். அது யாருக்குப் போனாலும் சரி" என்றார். லோஜினி தேத்தண்ணி குடிக்காமலே போனாள்.

மே ஆறாம் திகதி, ஓட்டுப் போட்டு முடிந்த இரவு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றோம். முடிவை வாசித்தார்கள். லோஜினி பதினேழு ஓட்டில் தோற்றுவிட்டாள். செல்லாத ஓட்டு ஒன்பது.

அக்காவின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. செல்லாத ஓட்டைத் தான் குறைத்ததால்தான் அந்தப் பதினேழு வந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். வழி முழுக்க, "நா தோக்கடிச்சிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்து நாளாய் லோஜினியும் எங்கள் பக்கம் வரவில்லை.

பிறகு செய்தி வந்தது. வட்டாரத்தில் தோற்றாலும், சபை எல்லை முழுக்கக் கேத்தலுக்கு விழுந்த ஓட்டைக் கூட்டிப் பார்த்ததில், அந்த மொத்தத்துக்கு ஏற்றபடி குழுவுக்குப் பட்டியலில் இரண்டு இடம் கிடைத்தது. அதில் ஒன்று பெண்ணுக்கு. லோஜினியின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அன்று அவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"கோவம் போயிருச்சா?" என்றார் அக்கா.

"பாதி போயிருச்சு. கீழ் லயத்துல நாலு பேரு எங்கிட்ட வந்து, ஒனக்குத்தான் போட்டோம்னு ரகசியமா சொல்றாங்க பெரியம்மா. பொய்யா நெசமான்னு தெரியல."

"ரகசியமா சொன்னா நெசமா இருக்கும்."

"இருக்கட்டும். போடத் தெரிஞ்சுக்கிட்டாங்கல்ல. அடுத்த தடவ போய்க் கேப்பேன்." சிரித்துவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டாள். இராமையா அண்ணனைப் பார்த்து, "பெரியப்பா, அந்த ஒம்பதுல ஒன்னு ஒங்களுது இல்லயே?" என்றாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்காவுக்கு இன்றுவரை அந்தச் சந்தேகம் இருக்கிறது.

லோஜினி இப்போது சபை உறுப்பினர். காலையில் பிள்ளைக் காம்பராவுக்கும், கூட்ட நாளில் சபைக்கும் போகிறாள். மேல் டிவிசன் பாதையில் முதல் இருநூறு மீற்றருக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. மீதி மண்தான், அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு எத்தனை புள்ளடி போட வேண்டும் என்று நாகலெட்சுமி அக்கா இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார்.